பச்சை மூடி போட்ட டப்பா

எங்கள் நிறுவனத்தின் பசுமைக்குடிலை இப்போது பார்த்துக்கொள்ளும் தீபா, போன மாதம் மேனாம்பேட்டில் என் வீட்டுக்கு வந்திருந்தார். அந்தக் காலத்தில் நாங்கள் எலிகளுக்குத் தின்னக் கொடுத்த அதே வகை இலையை உலர்த்திப் பொடியாக்கி, மாத்திரைக் கூட்டில் அடைத்து, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார்களாம். அந்த வேலை தொடங்கிய கதையை ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றார். "ஜாலியா எழுதுங்க சார். சுசீலா மேடம் உங்களத் திட்டினது, எலி தப்பிச்சு ஓடினது, அந்த மாதிரி."

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த வேலையைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. அது ஜாலியானது அல்ல. எழுதுவதற்கு முன்னால் அதை ஒரு வீட்டுக்குப் போய் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நான் படித்து வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தேன். அப்பா கடைசல் பட்டறையில் இரும்பைச் சீவினார். நான் தாவரவியல் படித்து, கண்ணாடிக் குப்பிக்குள் இலைத்துண்டை வைத்துச் செடியாக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு, பல வருஷம் வாழைக்கன்று உற்பத்தி செய்தேன். நாற்பது வயதை நெருங்கும்போது, பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு தனியார் ஆராய்ச்சி நிறுவனத்தில் பசுமைக்குடில் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

அந்தக் குடிலை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வருவது போல ஒரு சுகம் வருகிறது. இரட்டைக் கதவு. முதல் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறக்கலாம். உள்ளே பால் கலந்தது போன்ற வெளிச்சம். அரை மணிக்கு ஒரு முறை குழாய்கள் பெருமூச்சு விட்டு மூடுபனியைக் கக்கும். அந்தப் பனி அடங்கும்வரை எதிரில் இருப்பது செடியா, ஆளா என்று தெரியாது. ஏரிக்காற்று கூரைத் தகட்டில் உரசிப் போகும். இடது மேசையில் ஒரு வரிசை லெட்யூஸ் கீரை, வலது மேசையில் ஒரு வரிசை லெட்யூஸ் கீரை. பார்க்க இரண்டும் ஒன்றுதான். அதே வெளிர்பச்சை, அதே சுருள். தின்று பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது என்று நினைக்கிறேன். இடது மேசைக் கீரைக்குள் மட்டும், இன்சுலினின் ஒரு பகுதியைச் செய்யும் மரபணுவை வைத்திருந்தோம்.

ஏன் என்று கேட்டால், அந்தத் திட்டத்தை நடத்திய சுசீலா மேடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்வதையே சொல்கிறேன். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் ஒரு தவறான சண்டை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே, இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரி என்று எண்ணி அழித்துவிடுகின்றன. ஆனால் அதே உடல், வாய் வழியாக, சாப்பாடாக வரும் எத்தனையோ அந்நியப் பொருள்களோடு சண்டைக்குப் போவதில்லை. அரிசியோடு போவதில்லை, பருப்போடு போவதில்லை. அப்படியானால் இன்சுலினையும் சாப்பாடாகக் காட்டிப் பழக்கினால் என்ன? ஊசியாக அல்ல, இலையாக. "சமாதானத்துக்கு ஒரு கீரை," என்பார் மேடம். சொல்லிவிட்டுத் தானே கூச்சப்பட்டது போல மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

டாக்டர் சுசீலா யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. தீபா கேள்விப்பட்டது தவறு. குடிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்; அப்படி ஒரு விதியும் கிடையாது. செடிக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்பார். நாம் எதையாவது சொன்னால் ஒரே ஒரு கேள்விதான். "பார்த்ததா, நினைச்சதா?"

சேர்ந்த முதல் வாரம், 'செடிகள் நலம்' என்று பதிவேட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். கேட்டார். பார்த்ததுதான் மேடம் என்றேன். என்னைக் குடிலுக்கு அழைத்துப்போய் மூன்றாவது தொட்டியின் இலையைத் திருப்பினார். அடியில் அசுவினிப் பூச்சி மொய்த்திருந்தது. பென்சிலால் என் வரிக்குக் கீழே மெல்லிசாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். அந்த நாளிலிருந்து நான் பார்க்காத எதையும் பதிவேட்டில் எழுதியதில்லை. பதிவேட்டில்.

எலிகள் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தன. தானாகவே சர்க்கரை நோய் வரும் ஓர் இனம், வெள்ளை எலிகள். அங்கே வேலை பார்த்தவர் மும்தாஜ். பூந்தமல்லியில் பிறந்தவர், சென்னீர்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டுக்காரர் ஷாகுல், பஞ்சு மெத்தை தைக்கிறவர். மும்தாஜ் எட்டாவதுவரை படித்திருந்தார். அவரைப் போல எலியைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாலின் அடியில் இரண்டு விரல், அவ்வளவுதான். எலி கையில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்.

தினமும் காலையில் நான் இலைகளைப் பறித்து, கழுவி, எடை போட்டு, இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களில் போடுவேன். இடது மேசை இலைக்குப் பச்சை மூடி. வலது மேசை இலைக்கு வெள்ளை மூடி. எது எது என்பது எனக்கும் மேடத்துக்கும் மட்டும்தான் தெரியும். எலி அறையில் யாருக்கும் சொல்லக் கூடாது. தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் இந்த முறை. எலிகள் தின்ற மிச்சமும், குடிலில் கழித்த இலையும், சாயங்காலம் எடை போட்டு, ஆட்டோகிளேவில் நீராவியில் வேகவைத்து அழிக்கப்படும். ஓர் இலைகூட வெளியே போகக் கூடாது. அதற்கும் ஒரு பதிவேடு உண்டு.

எலிகளுக்கு இலை கொடுக்கத் தொடங்கி ஐந்தாவது மாதமோ ஆறாவது மாதமோ, ஒரு காலை மும்தாஜ் டப்பா வாங்க வந்தவர் கதவருகே நின்றார். வெள்ளை மூடி இலை தின்னும் கூண்டுகளில் ஏதோ சரியில்லை என்றார்.

"இன்னா சரியில்லை?"

என்னையும் அவர் பாஷை தொற்றியிருந்தது. அவர் சிரித்துவிட்டார்.

"உமி ஈரமாகீது சார். நேத்து மாத்துன உமி. இன்னிக்கி சொதசொதன்னு கீது. பச்சை மூடி கூண்டு காஞ்சிகினு கீது."

கூண்டில் எலிக்குப் படுக்கையாகப் போடுவது நெல் உமி. சர்க்கரை ஏறிய எலி நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய சிறுநீர் கழிக்கும். மேடம் உடனே வந்தார். மும்தாஜிடமும் அதே கேள்விதான் கேட்டார். "பார்த்தேங்க மேடம். கதவத் தொறந்தாலே வாடை வரும்," என்றார் மும்தாஜ். மேடம், சர்க்கரை காட்டும் ஸ்டிரிப்பை அந்த ஈரத்தில் நனைத்துப் பார்க்கச் சொன்னார். வழக்கமான சர்க்கரைச் சோதனைக்கு இன்னும் நாள் வரவில்லை. ஆனால் ஸ்டிரிப்பின் நிறம் மாறியது. ஈரக் கூண்டுகளில் பெரும்பாலானவை வெள்ளை மூடி. காய்ந்தவற்றில் பெரும்பாலானவை பச்சை மூடி. பச்சை மூடி எலிகளிலும் சில பிறகு நோய்ப்பட்டன. அதையும் சொல்ல வேண்டும். என்றாலும் அன்று மேடம் வராந்தாவில் வெறுங்காலோடு நின்று ஏரிப் பக்கம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதிவேட்டில் நான், 'வெள்ளை மூடிக் கூண்டுகளில் ஈரம் கவனிக்கப்பட்டது' என்று எழுதினேன். யார் கவனித்தார் என்று எழுதவில்லை.

மும்தாஜுக்கு அந்த நோய் புதிதல்ல. மூத்த பையன் இர்ஃபானுக்கு ஏழு வயதில் வந்துவிட்டது. காலையில் அவனுக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார்; மாலை ஊசிக்கு நேரத்தோடு வீடு திரும்புவார். இளையவள் ஆயிஷாவுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு இருந்தால் இன்னொன்றுக்கும் வரலாம் என்று மருத்துவர் சொல்லி வைத்திருந்தார். அதனால் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணனின் சர்க்கரைக் கருவியில் தங்கையின் விரலையும் குத்திப் பார்ப்பது அவர் வழக்கம்.

உமியைப் பார்த்த ஒரு வாரத்தில் என்னிடம் வந்தார்.

"சார், ஒண்ணு கேப்பேன். கோச்சுக்கக் கூடாது. அந்தப் பச்சை மூடி இலை ஆயிஷாவுக்கு வேணும்."

விதிகளைச் சொன்னேன். எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது என்றேன்.

"எலிக்குக் குடுக்கலாம், எம் பொண்ணுக்குக் குடுக்கக் கூடாதா? அவ இன்னா எலியவிட மட்டமா?"

"அதுக்கில்லம்மா. நல்லதுன்னு இன்னும் தெரியாது."

"கெட்டதுன்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. எனக்கு உமி காஞ்சிகினு கீதுன்னு தெரியும்."

அன்றைய இரண்டு டப்பாக்களையும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கேட்டார். கெஞ்சவில்லை, நேரம் கேட்பது போலக் கேட்பார். ஒரு சாயங்காலம், அழிக்கப் போகும் இலைப் பைகளுக்கு முன்னால் அவர் தனியாக நிற்பதைப் பார்த்தேன். பையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்துவிட்டார். எனக்குப் பயம் வந்தது. எடுத்துவிட்டால் வேலை போகும். அதைவிட, என்ன என்று தெரியாத ஓர் இலை ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் போகும். அன்றைக்கே மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். மேடம் மும்தாஜை உட்காரவைத்துப் பேசியிருப்பார். ஒருவேளை வேறு வேலைக்கு மாற்றியிருப்பார். நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியிருந்தது.

மறுநாள் காலை, வலது மேசையிலிருந்து, எந்த மரபணுவும் வைக்காத சாதாரணக் கீரையிலிருந்து ஒரு கைப்பிடி பறித்தேன். அப்போதுதான் குழாய்கள் பனி கக்கின. அந்த வெண்மைக்குள் என் கையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. புது டப்பா ஒன்றில் போட்டேன். பச்சை மூடியை எடுத்து வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. நான் செய்தது அவ்வளவுதான். கடையில் விற்கும் கீரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. குழந்தைக்கு எந்தக் கெடுதலும் வராது. தாய்க்கு நிம்மதி. எலி அறைக்குத் திருட்டு பயம் இல்லை. எல்லாருக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். நினைத்தேன்.

மேடத்துக்குத் தெரியக் கூடாது என்று சொல்லி, அதைக் கொடுத்தேன். மும்தாஜ் டப்பாவை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார்.

செவ்வாயும் வெள்ளியும் அவர் டப்பா கொண்டுவருவார்; நான் நிரப்பித் தருவேன். ஏழெட்டு மாதம் அப்படி நடந்தது. ஆயிஷா எலுமிச்சம்பழமும் உப்பும் தடவிச் சப்பாத்திக்குள் சுருட்டித் தின்பதாகச் சொல்வார். தொட்டியில் வைத்து வளர்க்க ஒரு செடி கேட்டாளாம். எனக்கு அந்த நாட்கள் ஒரு மெல்லிய கனவு போல இருந்தன. காணாத ஒரு குழந்தை என் கையால் பறித்த இலையைத் தின்று சிரிக்கிறது. நானே கொஞ்சம் நம்பத் தொடங்கிவிட்டேனோ என்னவோ.

ஒரு வெள்ளிக்கிழமை, டப்பாவை வாங்கும்போது மும்தாஜ் இயல்பாகச் சொன்னார்: "இப்பல்லாம் அவ வெரல குத்துறது இல்ல சார். பச்சை மூடி தின்னுகினு கீறா. இன்னாத்துக்குப் புள்ளைய நோவ உடணும்?"

என் கை மூடியின்மேல் இருந்தது. குத்திப் பாரும்மா, நிறுத்தாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று கேட்பார். தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தவறு எது என்று கேட்டால் மூடியை மாற்றியதைச் சொல்ல மாட்டேன். அந்தத் தலையாட்டலைச் சொல்வேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஏரி நிரம்பிவிட்டது. சென்னீர்குப்பத்தில் தாழ்வான தெருக்களில் தண்ணீர். மும்தாஜ் வீட்டிலும் புகுந்துவிட்டதால் இரண்டு வாரம் வரவில்லை. விடுப்புக் கடிதத்தை ஷாகுல் கொண்டுவந்தார். வண்டியின் பின்னால் பஞ்சு மூட்டை, மேலே பாலிதீன். வராந்தாவில் நின்று தலையைத் துவட்டியபடி ஊர்க் கதை பேசினார்.

"மெத்தக்காரன் ஊட்டுல மெத்த காயல சார். வெளிய மழ, உள்ள எம் பொண்ணு. ஆறு வயசாவுது, தெனம் நனைச்சி வெக்கிது. மூணு வாட்டி பஞ்சு மாத்திட்டேன். இதுக்கு நானே ஒரு நிரந்தர கஸ்டமரு."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போய்விட்டார்.

குடிலுக்குள் வந்து முதல் கதவைச் சாத்தி, இரண்டாவதைத் திறக்காமல் நடுவில் நின்றேன். ஈரம். தினமும் ஈரம். கதவைத் திறந்தாலே வாடையில் கண்டுபிடிக்கிற மும்தாஜ் வீட்டில்தான் அந்த ஈரம். அவருக்கு ஏன் தெரியவில்லை? பச்சை மூடிக் கூண்டு நனையாது என்று அவருக்குத் தெரியும். அதனால் மழை என்று நினைத்திருப்பார். குழந்தை இடிக்குப் பயப்படுகிறது என்று நினைத்திருப்பார். பார்க்க விடாமல் அவர் கண்ணை மூடியது என் மூடி.

அலுவலகத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தேன். ஷாகுலின் பக்கத்துக் கடை எண் இருந்தது. பாதி எண் அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். மழையில் எல்லாக் குழந்தையும் நனைக்கும் என்று சொல்லிக்கொண்டேன். நாளைக்குப் பேசலாம் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

நான்காவது நாள் காலை, எலி அறைக்கு வந்த இன்னொரு பணியாளர் சொன்னார்: மும்தாஜின் மகள் நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடக்கிறாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் போகத் தைரியம் வந்தது. நகரத்துக்குள் இருந்த குழந்தைகள் மருத்துவமனை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதுதான் நான் ஆயிஷாவை முதல் முறை பார்த்தது. எலும்பாக இருந்தாள். சர்க்கரை மிகவும் ஏறி, ரத்தம் அமிலமாகி, மூளை வீங்கிவிட்டது என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இடது கையில் இன்னும் அசைவு வரவில்லை என்றார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று ஒரு நர்ஸ் யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

மும்தாஜ் வராந்தா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை.

"என்ன மன்னிச்சிருங்க சார். ரெண்டு வாரம் இலை குடுக்காம உட்டுட்டேன். மழைன்னு வாங்க வரல. கூண்டுல ஒரு வேளை உட்டாகூட எழுதி வெப்பேன். எம் பொண்ணுக்கு உட்டுட்டேன் சார். நீங்க அவ்ளோ தூரம் உங்க வேலைய பணயம் வெச்சி குடுத்தீங்க."

"அப்படியெல்லாம் இல்லம்மா," என்றேன்.

அதற்குப் பிறகு சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் இருந்தது. அது வாய்வரை வந்தது. ஒரு ஸ்ட்ரெச்சர் குறுக்கே போயிற்று. அது போன பிறகு நான் வாக்கியத்தை விழுங்கியிருந்தேன்.

உண்மையான பச்சை மூடி இலை கொடுத்திருந்தால் ஆயிஷாவுக்கு நோய் வந்திருக்காதா என்று என்னைக் கேட்காதீர்கள். தெரியாது. அது எலியில் கண்டது. அநேகமாக எப்படியும் வந்திருக்கும். ஆனால் எந்த இலையும் கொடுக்காமல் இருந்திருந்தால், வெள்ளிக்கிழமை விரலைக் குத்தியிருப்பார்கள். முதல் ஈரத்திலேயே மும்தாஜ் கண்டுபிடித்திருப்பார். அந்தக் குழந்தை அண்ணனைப் போல ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு கையோடு வளர்ந்திருப்பாள். இது மட்டும் எனக்குத் தெரியும்.

மும்தாஜ் வேலையை விட்டுவிட்டார். அவருக்குப் பிறகு எலி அறையில் நாங்கள் ஸ்டிரிப்பை நம்பித்தான் இருந்தோம். அந்தத் திட்டமும் இரண்டு வருஷத்தில் முடிந்தது. கடைசித் தட்டுச் செடிகளை நானே ஆட்டோகிளேவில் வைத்துக் கதவை முறுக்கினேன். வெந்த கீரையின் வாடை வீட்டில் கடைந்த கீரையின் வாடையேதான். மேடத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போனேன். அவர் கேள்வி எனக்குத் தெரியும். அதற்கான பதிலும் தெரியும். திரும்பி வந்துவிட்டேன். மேடம் இப்போது இல்லை.

பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். சில பகல் தூக்கத்தில் இன்னும் அந்தக் குடில் வரும். பனி இறங்கும். இரண்டு மேசையும் ஒன்றாகிவிடும். எதில் பறிக்கிறோம் என்று தெரியாமல் பறித்துக்கொண்டே இருப்பேன். தீபா வந்து போன பிறகு அந்தக் கனவு தினமும் வந்தது. போன வெள்ளிக்கிழமை ஆவடிக்குப் போய், பூந்தமல்லி பஸ் பிடித்து, சென்னீர்குப்பத்தில் இறங்கினேன்.

வீட்டு முன்கட்டில் ஷாகுலின் மெத்தைக் கடை அதே இடத்தில்தான் இருந்தது. பஞ்சு மூட்டைகள் குறைந்து, ரெக்சின் உறைகள் தொங்கின. ஷாகுலுக்குத் தாடி முழுக்க வெளுத்திருந்தது. "அடடே, இலை சார்," என்று எழுந்தார். அந்தப் பெயரில்தான் அந்த வீட்டில் என்னைப் பேசிக்கொள்வார்களாம். அப்படியானால் அவருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. மும்தாஜ் உள்ளேயிருந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இர்ஃபான் ஓசூரில் வேலையில் இருக்கிறான் என்றார். ஆயிஷா செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் கணினியில் சரக்குப் பதிவு செய்கிறாளாம். அன்று அவளுக்கு விடுப்பு. அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். வலது கையால் வைத்தாள். இடது கை வயிற்றோடு ஒட்டி மடிந்திருந்தது.

அலமாரியில், தலைக்கு நேரே, பச்சை மூடி போட்ட டப்பா இருந்தது. உள்ளே ஊசிகளும் ஸ்டிரிப் குப்பியும் தெரிந்தன.

டீயைத் தொடாமல் சொன்னேன். எந்த மேசையில் பறித்தேன், எந்த மூடியைப் போட்டேன், ஏன் போட்டேன், ஷாகுல் மெத்தையைப் பற்றிச் சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது, பாதி எண்ணோடு தொலைபேசியை வைத்தது, எல்லாம். சொல்லி முடிக்க டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

மும்தாஜ் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப அந்த ரெண்டு வாரம்?"

"அதுல ஒண்ணுமே இல்லம்மா. நீங்க குடுத்திருந்தாலும் அது வெறும் கீரை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? நான் இல்லையாம். அந்த ரெண்டு வாரம் இல்லையாம்."

முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதார். பதினைந்து வருஷமாக அதை அவர் ஒரு நாளும் இறக்கி வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சுமந்ததாக நினைத்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஷாகுல் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நான் சிரிச்சிகினே சொன்னேன். நீங்களும் சிரிச்சீங்க," என்றார். பிறகு, "கெளம்புங்க சார்," என்றார். குரலை உயர்த்தவில்லை.

எழுந்தேன். மன்னிப்புக் கேட்டேன். மலருக்கு எழுதப் போகிறேன், பெயர் போடக் கூடாது என்றால் போடமாட்டேன், எழுதவே கூடாது என்றாலும் சரி என்றேன். செருப்பை மாட்டும்போது ஆயிஷா அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தாள். மடிந்த இடது கையால் அதை நெஞ்சோடு அணைத்து, வலது கையால் மூடியைத் திறந்தாள். ஊசிகளைத் தட்டில் கொட்டினாள். குழாயடியில் கழுவி, துடைத்து, மூடியை அழுத்தி என்னிடம் நீட்டினாள்.

"இது உங்க ஆபீஸ் டப்பாதான சார்?"

வாங்கிக்கொண்டேன். தெருமுனைவரை வந்திருப்பேன். பின்னாலிருந்து மும்தாஜ் கூப்பிட்டார். வாசலில் நின்றபடி, அழுது தடித்த குரலில், எலி அறைக் கதவில் நின்று பேசிய அதே தோரணையில் சொன்னார்:

"எழுதுங்க சார், பேரு போட்டே எழுதுங்க. அந்த உமி ஈரத்த மொதல்ல பாத்தது யாருன்னும் எழுதுங்க. அன்னிக்கி நீங்க எழுதல."

எழுதுகிறேன். தீபா, இதை மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ஆனால் பழைய பதிவேட்டில், ஈரம் கவனிக்கப்பட்டது என்று என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்தில் பென்சிலால் இதைச் சேர்த்துவிடுங்கள்: கண்டவர் மும்தாஜ். பார்த்தது, நினைத்தது அல்ல.